"எந்த கேமரா இருந்தாலும் போதும்" என்று விற்ற ஃபோட்டோகிராஃபி கோர்ஸ்: பணம் திரும்ப வர 41 நாள்

ஆன்லைனில் ஃபோட்டோகிராஃபி கோர்ஸ் வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நான் வாங்கியது கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து மாதிரியான விசேஷங்களைப் படம் எடுக்கச் சொல்லித்தரும் தமிழ்க் கோர்ஸ். 40 வீடியோ. விலை ரூ.6,000, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி ரூ.1,080, ஆக மொத்தம் ரூ.7,080. பணம் முழுவதும் திரும்பி வந்துவிட்டதால் நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. அதோடு இதே முறையில் விற்கிற கோர்ஸ்கள் நிறைய இருக்கின்றன, ஒரு பெயரை மட்டும் சொல்வதில் பிரயோஜனமும் இல்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சொல்லிக்கொடுப்பவர் உண்மையிலேயே தொழில் தெரிந்தவர். ஜன்னல் பக்கம் ஒருவரை உட்காரவைத்து, முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பச் சொல்லி, வெளிச்சம் மூக்கின் இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் எப்படிப் போகிறது என்று காட்டுகிறார் பாருங்கள், அந்த ஒரு பாடத்துக்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். பட்டுப்புடவை ஜரிகை வெள்ளையாக வெடித்துப் போகாமல் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதிவாகும் வெளிச்சத்தின் அளவைக் குறைத்து வைப்பது, மாநிறத் தோலைச் செயற்கையாக வெளுப்பாக்காமல் இருப்பது, எல்லாமே நம் ஊர் விசேஷங்களை எடுத்துப் பழகியவர் மட்டுமே சொல்லக்கூடிய விஷயங்கள்.

சிக்கல் ஒன்பதாவது வீடியோவில் ஆரம்பித்தது. அதில்தான் "இனி வரும் பாடங்களுக்கு என்னென்ன வேண்டும்" என்ற பட்டியல் வருகிறது. ஃபுல் ஃப்ரேம் கேமரா (படத்தைப் பதிவுசெய்யும் சென்ஸார் பெரிதாக இருப்பது), எஃப் 1.4 திறப்புள்ள 85 மிமீ லென்ஸ் (எஃப் எண் குறையக் குறைய வெளிச்சம் அதிகமாக உள்ளே வரும்), இரண்டு ஃப்ளாஷ், அவற்றைத் தள்ளி வைத்து இயக்க ட்ரிக்கர், படங்களைத் திருத்தும் லைட்ரூம் கிளாசிக் ஓடும் லேப்டாப். என்னிடம் இருப்பது கேனன் 1500டி, அதோடு வந்த 18-55 கிட் லென்ஸ், 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருந்தது என்ன தெரியுமா? "எந்த கேமரா இருந்தாலும் போதும், அடிப்படையிலிருந்து."

இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் சப்போர்ட்டில் பேசியவர்களுக்கும் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். என் கேமராவின் சென்ஸார் சின்னது, அதனால் 55 மிமீயில் வைத்தால் ஃபுல் ஃப்ரேமில் 88 மிமீ லென்ஸ் போட்ட மாதிரி ஃப்ரேம் கிடைக்கும், அது சொல்லிக்கொடுப்பவரின் 85 மிமீக்குக் கிட்டத்தட்ட சமம்தான். ஆனால் வெளிச்சம்? என் லென்ஸ் 55 மிமீயில் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. 1.4, 2, 2.8, 4, 5.6 என்று எண்ணினால் நான்கு ஸ்டாப் இறக்கம், ஒவ்வொரு ஸ்டாப்பிலும் வெளிச்சம் பாதியாகும், அதாவது அவருக்குக் கிடைப்பதில் பதினாறில் ஒரு பங்கு வெளிச்சம்தான் எனக்கு. மண்டபத்துக்குள் அவர் ஐஎஸ்ஓ (சென்ஸாரின் ஒளி உணர்திறன் அளவு) 400ல் எடுக்கும் படத்தை அதே ஷட்டர் வேகத்தில் எடுக்க நான் 6400 வைக்க வேண்டும், என் கேமராவின் சாதாரண வரம்பே அதோடு முடிந்துவிடுகிறது. படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக வருகிறது, பின்னணியும் அவருக்குக் கரைவது போல் கரையாது. ஃப்ளாஷ் பாடங்கள் அதைவிட மோசம். அவர் காட்டுகிற விலை குறைந்த மேனுவல் ட்ரிக்கர், ஹாட் ஷூவின் (கேமராவின் மேலே ஃப்ளாஷ் மாட்டும் இடம்) நடுவில் இருக்கும் பின் வழியாக வேலை செய்வது, என் கேமராவின் ஹாட் ஷூவில் அந்த நடுப் பின் கிடையாது. லைட்ரூம் கிளாசிக்குக் குறைந்தபட்சம் 8 ஜிபி ரேம் வேண்டும், என் லேப்டாப்பில் பாதிதான். ஆக மிச்சமிருந்த 31 பாடத்தில் எனக்குப் பயன்படக்கூடியது ஐந்தாறு இருந்தால் அதிகம்.

சரி, ரீஃபண்ட் கேட்கலாம் என்று போனேன். நிறுவனத்தின் விதி என்ன சொல்கிறது என்றால், ஏழு நாளுக்குள் கேட்க வேண்டும், பாடங்களில் 20 சதவீதத்துக்குக் குறைவாகப் பார்த்திருக்க வேண்டும். நான் கேட்டது மூன்றாவது நாள். ஆனால் 40ல் எட்டு வீடியோ முடிந்தாலே 20 சதவீதம் ஆகிவிடுகிறது, உபகரணப் பட்டியலோ ஒன்பதாவதில் இருக்கிறது! பாடங்களை வரிசையாகத்தான் திறக்க முடியும், தாண்டிப் போக வழியில்லை. அதாவது இந்தக் கோர்ஸ் நமக்குப் பொருந்தாது என்று தெரியவரும்போது ரீஃபண்ட் உரிமை போயிருக்கும். இது தற்செயலாக அமைந்ததாகவே இருக்கட்டும், நஷ்டம் வாங்கியவருக்குத்தான். எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். போனில் பேசிய பையன் "அண்ணா, நீங்க ஒன்பது பாடம் பார்த்துட்டீங்களே, சிஸ்டம் ஒத்துக்காது" என்றார். பாவம், அவர் மேல் தப்பில்லை, அவர் கையில் அதிகாரம் இல்லை.

அப்புறம் எல்லாவற்றையும் எழுத்தில் கேட்க ஆரம்பித்தேன். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், ஒன்பதாவது பாடத்தில் பட்டியல் வருகிற இடத்தின் படம், மூன்றையும் வைத்து அவர்களுடைய குறைதீர் அலுவலருக்கு மெயில் அனுப்பினேன். 2020ஆம் ஆண்டின் இ-காமர்ஸ் விதிகளின்படி புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். எனக்கு முதல் பதிலே ஆறாவது நாள்தான் வந்தது, அதிலும் ரீஃபண்டுக்குப் பதில் வேறொரு கோர்ஸ் தருகிறோம் என்றார்கள். மறுத்துவிட்டேன்.

உடனே 1915க்குப் போன் போட்டேன். அது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். புகார் எண் ஒன்று கொடுத்தார்கள். அவர்களால் நிறுவனத்துக்கு உத்தரவு போட முடியாது, ஆனால் புகாரை நேரடியாக அனுப்பிப் பதில் கேட்பார்கள். அதற்குப் பிறகு பேச்சின் தொனியே மாறியது, ரூ.6,000 தருகிறோம் என்று மெயில் வந்தது. ஜிஎஸ்டி மட்டும் அரசுக்குக் கட்டியாகிவிட்டது, அது வராது என்றார்கள்.

இங்கே பலர் விட்டுவிடுவார்கள், நானும் விட்டிருப்பேன். ஆடிட்டர் ஆபீஸில் இருக்கும் என் மச்சான்தான் நிறுத்தினார். ஜிஎஸ்டி சட்டத்தின் 34ஆம் பிரிவில் கிரெடிட் நோட் என்று ஒன்று, அதாவது பில் தொகையைக் குறைத்துக் கொடுக்கும் சீட்டு இருக்கிறது, சேவையில் குறை என்று பணத்தைத் திருப்பும்போது விற்றவர் அதைப் போட்டுத் தன் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், அதற்கு அடுத்த நிதியாண்டின் நவம்பர் 30 வரை அவகாசமும் உண்டு என்றார். அதை அப்படியே எழுதி, இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன் என்றும் சேர்த்தேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடம் வரை நேரம் உண்டு, இவ்வளவு சின்னத் தொகைக்குக் கட்டணம் எதுவும் இல்லை. 41ஆம் நாள் ரூ.7,080ம் கணக்கில் ஏறியது. அன்றே கோர்ஸைப் பூட்டிவிட்டார்கள், அது நியாயம்தான்.

இன்னொரு விஷயம். வாங்கும்போது "இந்த விலை இன்னும் 15 நிமிடம்தான்" என்று கடிகாரம் ஓடியது, அதைப் பார்த்துத்தான் அவசரப்பட்டேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் அதே விலை, கடிகாரம் மறுபடி 15லிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. இப்படிப் பொய் அவசரம் காட்டக்கூடாது என்று 2023லேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. கடிகாரம் ஓடினால் ஓடட்டும், நீங்கள் உங்கள் கேமரா மாடல், லென்ஸ், லேப்டாப் ரேம் மூன்றையும் எழுதி, இது போதுமா என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு பிறகு பணம் கட்டுங்கள்.

ஃபுல் ஃப்ரேமும் ஃப்ளாஷும் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் இந்த மாதிரிக் கோர்ஸைத் தாராளமாக வாங்கலாம், கொடுத்த காசுக்கு விஷயம் இருக்கிறது. என்னைப் போல கிட் லென்ஸோடு ஆரம்பிப்பவர்களுக்கு வேண்டாம். நான் இப்போது எங்கள் ஊர் ஸ்டூடியோ அண்ணன் ஒருவரிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் உதவிக்குப் போகிறேன். முதல் நாள் உள்ளே நுழைந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன கேமரா பாடி, என்ன லென்ஸ் வச்சிருக்க தம்பி?"