நோனலா, எலக்ட்ரானிக்கா? ஊரை ஒட்டி வெடி வைப்பவர்களுக்கு

பாறைத் துளைக்குள் வெடிமருந்தைத் தூண்டிவிடும் டெட்டனேட்டர்களில், சாதாரண மின் வகைக்கு 2025 ஏப்ரல் 1 முதல் நாட்டில் தடை வந்துவிட்டது. இனி குவாரிக்காரர் முன்னால் இருப்பவை பெரும்பாலும் இரண்டுதான்: மின்சாரம் இல்லாமல் குழாய் வழியே தூண்டும் நோனல், உள்ளே சில்லு வைத்த எலக்ட்ரானிக். அரியலூர் பக்கம் எங்கள் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில், ஊரை ஒட்டிய பெஞ்சுகளுக்கு (படிபோல வெட்டிய பாறைத் தளங்களுக்கு) எலக்ட்ரானிக்குக்கு மாறிவிட்டோம். என் ஓட்டும் அதற்குத்தான்.

விலையில் நோனல்தான் மலிவு, வித்தியாசமும் பெரிது. குழாய் கோக்கத் தெரிந்த ஆளும் எளிதில் கிடைப்பார். எலக்ட்ரானிக்குக்கு டெட்டனேட்டர்களைப் பதிந்து சோதிக்கும் லாகர் கருவி வேண்டும், பயிற்சி வேண்டும், இணைப்புகளில் சேறு படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதிலெல்லாம் வாதமில்லை.

எங்களை மாற வைத்தது நேரத் துல்லியம். துளைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்க வைக்கும் தாமதம், நோனலில் உள்ளே எரியும் ஒரு மருந்தை நம்பியிருக்கிறது. ஒன்றைப் போல இன்னொன்று எரியாது. துளைக்குள் 250 மில்லி விநாடி டெட்டனேட்டர், மேலே தரையில் துளைக்குத் துளை 17 மில்லி விநாடி இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். 3 சதவீதம் பிசகினாலே ஒரு துளை 7.5 மில்லி விநாடி பிந்தலாம், அடுத்தது அதே அளவு முந்தலாம். 17 என்று நாம் போட்ட இடைவெளியில் மிஞ்சுவது 2. எட்டு மில்லி விநாடிக்குள் வெடிப்பவற்றை ஒரே வெடியாகக் கணக்கிடுவது தொழில் வழக்கம். அப்படியானால் துளைக்கு 50 கிலோ என்று காகிதத்தில் எழுதிவிட்டு, தரைக்குள் 100 கிலோவை ஒன்றாக வெடிக்கிறோம். அந்த அதிர்வை வாங்குவது பக்கத்து வீட்டுச் சுவர்.

எலக்ட்ரானிக்கில் எரியும் மருந்துக்குப் பதில் சில்லு நேரம் பார்க்கிறது. 250-இல் பிசகு ஒரு மில்லி விநாடியைக்கூட எட்டாது. இடைவெளியையும் ஒவ்வொரு மில்லி விநாடியாக நாமே வைக்கலாம். வெளியார் வீடுகளுக்கு, 8 ஹெர்ட்ஸுக்குக் குறைந்த அதிர்வெண்ணில், தரை அதிர்வின் வேகம் நொடிக்கு 5 மி.மீ. என்பது சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் 1997 வரம்பு. அந்த வரம்புக்கு அருகில் வேலை செய்பவருக்கு இந்தத் துல்லியம் ஆடம்பரமில்லை.

இன்னொன்றும் உண்டு: வெடிப்பதற்கு முன்பே ஒவ்வொரு டெட்டனேட்டரும் பதில் சொல்கிறதா என்று லாகரில் பார்த்துவிடலாம். நோனலில் கண்ணால் பார்த்த இணைப்புதான் சாட்சி. வெடிக்காத துளையைத் தேடிக் கல்குவியலில் ஏறியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கல் நன்றாக நொறுங்குகிறது, கிரஷர் செலவு குறைகிறது என்பார்கள். எங்களுக்கும் உடையாத பெரிய கற்களான போல்டர் குறைந்தது உண்மை. ஆனால் அதே சமயத்தில் டிரோன் படம் எடுத்து முகப்பின் பர்டனை (முன்வரிசைத் துளைக்கும் பாறை முகப்புக்கும் உள்ள தூரத்தை) அளக்கவும் தொடங்கியிருந்தோம். எது எவ்வளவு செய்தது என்று பிரித்துச் சொல்ல மாட்டேன். துளை கோணலாகப் போயிருந்தால் எந்தச் சில்லும் கைகொடுக்காது. நிலத்தடிச் சுரங்கத்துக்கு என் பேச்சை எடுத்துக்கொள்ள வேண்டாம், நான் பார்த்ததெல்லாம் திறந்தவெளிதான்.

வீடுகள் வெகு தூரத்தில், சிறிய குவாரி, ஒரே வரிசைத் துளைகள் என்றால் நோனலே போதும். எங்கள் சுரங்கத்திலும் ஊருக்கு எதிர்ப்புறப் பெஞ்சுகளுக்கு இன்றும் அதைத்தான் வாங்குகிறோம்.