விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர்: அந்த நம்பரை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கொரோனா சமயத்துல வாங்கின சாமான்ல இன்னும் நிறைய பேர் டிராயர்ல கிடக்குறது இந்த விரல் ஆக்சிமீட்டர்தான். புதுசு வாங்கணுமா, இருக்குறதை வச்சே ஓட்டலாமான்னு கேக்குறவங்களுக்காக இந்த ரிவ்யூ. பிராண்ட் பேர் எதுவும் சொல்லப்போறதில்ல, எந்த பிராண்டுங்கிறதை விட அதுல வர்ற நம்பரை வச்சு நாம என்ன பண்றோம்ங்கிறதுலதான் விஷயமே இருக்கு. என் மார்க் 5க்கு மூன்றரை, அந்த ஒன்றரையை ஏன் பிடிச்சேன்னு கீழ சொல்றேன்.

முதல்ல நல்லதைச் சொல்லிடுறேன். சின்ன கிளிப்புக்குள்ள ரெண்டு லைட்டு, ஒண்ணு 660 நானோமீட்டர் சிவப்பு, இன்னொண்ணு கண்ணுக்குத் தெரியாத 940 இன்ஃப்ராரெட். ஆக்சிஜன் ஏறின ஹீமோகுளோபின் சிவப்பை லேசா விட்டுடும், ஏறாதது நல்லா உறிஞ்சிக்கும், அந்த வித்தியாசத்தை நாடி துடிக்கிற ரத்தத்துல மட்டும் பிரிச்சு அளந்தா ஊசி குத்தாமலே ஆக்சிஜன் சதவீதம் கிடைச்சிடும். இந்த ஐடியா தகுவோ அவோயாகிங்கிற ஜப்பான் இன்ஜினியரோடது, 1970கள்ல கண்டுபிடிச்சது. மனுஷன் 2020 ஏப்ரல்ல இறந்துட்டார், உலகம் பூரா அவரோட மெஷினைத் தேடி அலைஞ்ச நேரத்துல!

கொரோனாவுல இது ஏன் அவ்வளவு முக்கியமாச்சுன்னா, சிலருக்கு ஆக்சிஜன் 80கள்ல இறங்கின பிறகும் மூச்சுத் திணறலே தெரியாம சாதாரணமா ஃபோன் பேசிட்டு இருந்தாங்க. காரணம் புரியாத மர்மம் ஒண்ணும் இல்ல. நமக்கு மூச்சு முட்டுற ஃபீலிங் பெரும்பாலும் கார்பன் டை ஆக்ஸைடு ஏறுறதாலதான் வருது, ஆக்சிஜன் குறையுறதால அவ்வளவா வராது, ஆரம்பத்துல நுரையீரல் கார்பன் டை ஆக்ஸைடை ஒழுங்கா வெளிய தள்ளிட்டே இருந்ததால மூளைக்கு அலாரமே அடிக்கல. அப்படிப்பட்டவங்களுக்கு இந்தக் கிளிப்புதான் அலாரம். 2021 ஜனவரியில உலக சுகாதார நிறுவனமும் வீட்டுல இருக்குற ரிஸ்க் அதிகமான நோயாளிகளுக்கு இதைப் பரிந்துரைச்சது, ஆனா மெஷினை மட்டும் கையில கொடுத்து அனுப்பாம, எப்படிப் பாக்கணும்னு சொல்லிக்கொடுத்து யாராவது தொடர்ந்து ஃபாலோ பண்ணணும்னு சேர்த்தே சொன்னாங்க. அந்தப் பின்பாதியைத்தான் எல்லாரும் மறந்துட்டோம்.

இப்ப மார்க் குறைஞ்ச கதை. அட்டையில துல்லியம் பிளஸ் ஆர் மைனஸ் 2, 3னு போட்டிருப்பான். அதுவும் நிச்சயமான எல்லை இல்ல, சுமார் மூணுல ரெண்டு ரீடிங் அதுக்குள்ள விழும், மீதி வெளியவும் போகும். அதாவது ஸ்கிரீன்ல 93னு இருந்தா உண்மை 90ஆ இருக்கலாம், 96ஆவும் இருக்கலாம். 97ல இருக்கும்போது இந்த வித்தியாசம் ஒண்ணும் பண்ணாது, 90 பக்கம் வரும்போதுதான் பயம், ஏன்னா அதுக்குக் கீழ ரத்தத்துல ஆக்சிஜன் படிப்படியா இறங்காது, சரிவுல உருள்ற மாதிரி கடகடன்னு விழும்.

அதை விட மோசமானது தோல் நிறம். கருப்புத் தோல் இருந்தா மெஷின் உண்மையை விட கூடுதலாக் காட்டுற வாய்ப்பு அதிகம். 2020 டிசம்பர்ல மிச்சிகன் பல்கலைக்கழக டாக்டர்கள் வெளியிட்ட கணக்கைப் பாருங்க: ஆக்சிமீட்டர் 92லிருந்து 96க்குள்ள காட்டின நோயாளிகள்ல, ரத்தக்குழாய்ல இருந்து நேரடியா ரத்தம் எடுத்துப் பாத்தா 88க்கும் கீழ இருந்தவங்க வெள்ளையர்கள்ல 3.6 சதவீதம், கறுப்பினத்தவர்கள்ல 11.7 சதவீதம். கிட்டத்தட்ட மூணு மடங்கு! இது புதுசாத் தெரிஞ்ச விஷயமும் இல்ல, 1990லயே இதே குறையைச் சொன்ன ஆய்வு வந்திருக்கு, முப்பது வருஷம் யாரும் பெருசா கண்டுக்கல. மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தர்ற அமெரிக்க அமைப்பான எஃப்டிஏவோட 2013 வழிகாட்டுதல்படி டெஸ்ட்டுக்கு வர்றவங்கள்ல கருமையான தோல் உள்ளவங்க ரெண்டு பேர் இல்ல 15 சதவீதம், எது அதிகமோ அது இருந்தாப் போதும். பத்து பேரை வச்சு டெஸ்ட் பண்ணா ரெண்டே ரெண்டு பேர். நம்ம மாதிரி நிறத்துக்காரங்க இத்தனை பேர் இருக்குற பூமியில இது என்ன கணக்குன்னு கேக்கத் தோணுது. கடையில ஆன்லைன்ல சும்மா விக்கிற மாடல் பலதும் ஃபிட்னஸ் சாமான்ங்கிற பேர்ல வர்றதால அந்த ரெண்டு பேர் டெஸ்ட்டும் கிடையாது.

ஒரு மெஷின் கொஞ்சம் முன்ன பின்ன காட்டினா என்ன போச்சுன்னு தோணலாம். கொரோனா சிகிச்சை விதிகளே இந்த நம்பர் மேலதான் நின்னுச்சுங்க. பிரிட்டன்ல 95ம் அதுக்கு மேலயும் ஓகே, 93, 94 வந்தா டாக்டரைக் கூப்பிடு, 92ஓ அதுக்குக் கீழயோ வந்தா ஆஸ்பத்திரிக்கு ஓடுன்னு நோயாளிகளுக்குச் சொன்னாங்க, உலக சுகாதார நிறுவனம் தீவிர நோய்க்கு 90க்குக் கீழன்னு கோடு போட்டுச்சு. உதாரணத்துக்கு டெக்ஸாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு மருந்தைப் பாருங்க. பிரிட்டன்ல ரெக்கவரிங்கிற பேர்ல நடந்த மருந்து ட்ரையல்ல, இதைக் கொடுத்தப்ப வென்டிலேட்டர்ல இருந்தவங்கள்ல 28 நாள்ல இறந்தவங்க 41.4 சதவீதத்துலேருந்து 29.3 ஆகக் குறைஞ்சாங்க, ஆக்சிஜன் தேவைப்பட்டவங்களுக்கும் பலன் இருந்துச்சு, ஆக்சிஜனே தேவைப்படாதவங்களுக்கு பலனே இல்ல, கெடுதல் பக்கம்தான் கொஞ்சம் சாய்ஞ்சது. அப்ப யாருக்கு அந்த மருந்துன்னு முடிவு பண்றது இந்தக் கிளிப்புதானே? 94னு பொய் சொல்லிட்டா மருந்து லேட்டு. 2022ல வந்த ஆய்வு ஒண்ணு கறுப்பின நோயாளிகளுக்கு அப்படித்தான் சிகிச்சைத் தகுதி தெரியவே லேட்டாச்சுன்னு காட்டிடுச்சு. என் கோவம் மெஷின் மேல கம்மி, இவ்வளவு ஆடுற நம்பர் மேல கத்தி மாதிரி ஒரு கோட்டைப் போட்டு அதை எல்லா நிறத்துக்கும் ஒரே மாதிரி வச்சவங்க மேலதான் ஜாஸ்தி.

இன்னொரு விஷயம், கம்பெனிக்காரன் இதை அட்டையில போட மாட்டான். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல 2000 கொரோனா நோயாளிகளுக்கு மேல வச்சு ஒரு ட்ரையல் பண்ணாங்க. எல்லாருக்கும் மெசேஜ் அனுப்பி மூச்சு எப்படி இருக்குன்னு விசாரிச்சாங்க, பாதிப் பேருக்கு கூடவே ஆக்சிமீட்டரும் கொடுத்தாங்க. ஆஸ்பத்திரிக்கு வெளிய உயிரோட இருந்த நாள் கணக்குல ரெண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்ல. அதாவது யாரோ ஒருத்தர் விடாம விசாரிச்சுட்டே இருந்தா, மெஷின் அதுக்கு மேல ஒண்ணும் பெருசா சேக்கல. 

அப்ப யூஸ் பண்றது எப்படி? உடம்பு நல்லா இருக்கும்போதே சில நாள் பாத்து உங்க வழக்கமான நம்பரை எழுதி வச்சுக்கோங்க. எப்பவும் 98 காட்டுறவருக்கு 94 வந்தா அது நாலு இறக்கம், தோல் நிறத்தால மெஷின் கூட்டிக் காட்டினாலும் இறக்கம் பெரும்பாலும் கண்ணுல படும். அஞ்சு நிமிஷம் உக்காந்துட்டு, கை சில்லுன்னு இல்லாம, நெயில் பாலிஷ் இல்லாம, கையை நெஞ்சு மேல வச்சு, நம்பர் ஆடாம நிக்கிற வரைக்கும் வெயிட் பண்ணுங்க. மாட்டின உடனே வர்ற நம்பரைப் பாத்து பதறிட்டு அஞ்சு விரல்லயும் மாத்தி மாத்தி மாட்டுறது வேலைக்கு ஆகாது. அப்புறம் மூச்சு வாங்குது, குழப்பமாப் பேசுறாரு, உதடு நீலமாகுதுன்னா நம்பர் 96 இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடுங்க.

புதுசு வாங்குறவங்க நாடித் துடிப்பு அலையா ஓடுறதைக் காட்டுற ஸ்கிரீன் உள்ளதா வாங்குங்க, அலை கோணல் மாணலா இருந்தா அந்த ரீடிங்கை விட்டுடலாம், வெறும் நம்பர் மட்டும் காட்டுற மாடல்ல அது தெரியாது. மெடிக்கல் டிவைஸ்னு அனுமதி வாங்கினதான்னு அட்டையில பாருங்க. ஃபோன் கேமராவுல விரல் வச்சா ஆக்சிஜன் சொல்றேன்னு வர்ற ஆப் எல்லாம் வேண்டவே வேண்டாம். பழசு வச்சிருக்கவங்க பேட்டரியைக் கழட்டி வைங்க, உள்ள கசிஞ்சு போயிருந்தா தேவைப்படுற அன்னைக்கு ஆனே ஆகாது.