வேலியை அளந்த காகிதத்தை ‘சர்வே ரிப்போர்ட்’ என்று நம்பி வீடு வாங்காதீர்கள்

புறநகரில் ஒரு தனி வீடு விலைக்கு வந்தது. பத்திரத்தில் கிழமேல் இருபுறமும் 40 அடி, தென்வடல் இருபுறமும் 60 அடி, ஆக 2,400 சதுர அடி. புரோக்கர் ஒரு கலர் வரைபடம் கொடுத்தார். நான்கு பக்கமும் அளவு, ஓரத்தில் ‘டோட்டல் ஸ்டேஷன் சர்வே’ என்ற வரி, கீழே ரப்பர் ஸ்டாம்ப். வாங்குகிறவர் தானும் டேப் பிடித்துப் பார்த்தார், அளவு சரியாக இருந்தது. கிரையம் முடிந்தது. உட்பிரிவு செய்து பட்டா மாற்ற விண்ணப்பித்த பிறகுதான் அரசு நில அளவர் வந்தார். கிழக்குக் காம்பவுண்டு சுவர் 60 அடி நீளத்துக்கும் எல்லையைத் தாண்டி நான்கு அடி வெளியே, வண்டிப்பாதைப் புறம்போக்கில் நின்றது. 240 சதுர அடி போயிற்று. செப்டிக் டேங்கும் அதற்குள்தான். பட்டாவுக்குத் தேறியது 2,160.

அந்தக் கலர் வரைபடத்தில் ஒரு அளவுகூடத் தப்பில்லை. ஆனால் அதைப் போட்டவர் அளந்தது சுவரை. சுவர் நிற்கிற இடம் விற்பவருடையதுதானா என்று அவர் பார்க்கவில்லை, அதற்குக் கூலியும் வாங்கவில்லை. தமிழ்நாட்டில் வீட்டுமனை வாங்குவோர் ஏமாறும் வழிகளில் மிகச் சுலபமானது இது. போலிப் பத்திரம் தேவையில்லை, போலிக் கையெழுத்து தேவையில்லை.

நிலத்தின் எல்லையைச் சொல்லும் அரசு ஆவணம் எஃப்.எம்.பி. எனப்படும் புலப்படம். ஒரு சர்வே எண்ணுக்கு ஒரு படம். வருவாய்த் துறையின் இணையச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண் கொடுத்து எடுக்கலாம். பட்டா, அ-பதிவேடு (எந்த சர்வே எண் என்ன வகை நிலம், யார் பெயரில் என்று சொல்லும் கிராமப் பதிவேடு) இரண்டையும் அங்கேயே எடுத்துவிடுங்கள். புலப்படத்தில் புலத்தைச் சுற்றி ஓடுவது எஃப் லைன், அதாவது புல எல்லை. உள்ளே குறுக்கே போவது ஜி லைன். அதிலிருந்து எடுத்த செங்குத்து அளவுகளை வைத்துத்தான் வளைவுகள் குறிக்கப்பட்டிருக்கும். எல்லை திரும்பும் இடங்களில் கல். வெளிப்பக்கம் அடுத்த புலங்களின் எண். முதலில் பார்க்க வேண்டியது அந்த அண்டைப் புல எண்களைத்தான். ஒவ்வொன்றையும் அ-பதிவேட்டில் தேடுங்கள். ஓடை, வாய்க்கால், பாதை, குளம் என்று ஏதாவது ஒட்டியிருந்தால் அந்தப் பக்கத்து அளவை இரண்டு முறை சரிபார்க்க வேண்டும். நெடுங்காலமாக வேலி நகர்வது அந்தப் பக்கம்தான், ஏனென்றால் அங்கே சண்டைக்கு வரப் பக்கத்து வீட்டுக்காரர் கிடையாது.

தனியார் சர்வே ரிப்போர்ட் எதைக் காட்டினாலும் ஒரே கேள்வி கேளுங்கள்: எந்தக் கல்லிலிருந்து அளவு தொடங்கியது? பதில் ரிப்போர்ட்டிலேயே இருக்க வேண்டும். புலப்படத்தில் உள்ள கற்களில் குறைந்தது இரண்டையாவது நிலத்தில் தேடிப் பிடித்து, அவற்றுக்கு நடுவே உள்ள தூரம் படத்தில் எழுதியிருக்கும் தூரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே மனையை அளக்க வேண்டும். படத்தில் 62.4 என்றிருந்தால் அது மீட்டர், தரையில் சுமார் 204 அடி 9 அங்குலம் வர வேண்டும். வராவிட்டால் கல் நகர்ந்திருக்கிறது, அல்லது அது வேறு கல். பெயின்ட் அடித்த சிமென்ட் கல் பெரும்பாலும் மனை போட்டவர் நட்டது. அதை நில அளவைக் கல்லாகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

பழைய படங்களில் அளவு மீட்டரில் இருக்காது, லிங்க்கில் இருக்கும். நூறு லிங்க் ஒரு சங்கிலி, 66 அடி. 310 லிங்க் என்பது 204.6 அடி. அதை 310 அடி என்று படித்துக் காட்டி விலை பேசுகிறவர்கள் உண்டு. பட்டாவில் உள்ள பரப்பும் இதே மாதிரி ஆளைக் கவிழ்க்கும். ‘0 - 2.23’ என்றால் 0 ஹெக்டேர், 2.23 ஏர்; சென்ட் அல்ல. ஒரு ஏர் 100 சதுர மீட்டர், அதாவது 1,076 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஆக 2.23 ஏர் சுமார் 2,400 சதுர அடி. மேலே சொன்ன வீட்டுக்குக் கடைசியில் வந்தது ஏறக்குறைய 2.01.

புலப்படத்தின் மேல் ஸ்கேல் வைத்து அளக்கவே அளக்காதீர்கள். படம் 1:2000 என்றால் தாளில் ஒரு மில்லிமீட்டர் தரையில் இரண்டு மீட்டர். அரை மில்லிமீட்டர் கோட்டுத் தடிமனே மூன்றடிக்கு மேல். ஏ4 தாளுக்குச் சுருக்கிப் பிரிண்ட் எடுத்திருந்தால் அந்த விகிதமும் போச்சு. எழுதியிருக்கும் எண்ணை மட்டும் நம்புங்கள். செல்போன் செயலியில் நடந்து காட்டும் எல்லையும் இப்படித்தான். போன் ஜி.பி.எஸ். சில மீட்டர் தள்ளிக் காட்டுவது சர்வ சாதாரணம். மனையின் அகலமே 12 மீட்டர்தான்.

நான்கு பக்க அளவு சரியாக இருந்தாலும் பரப்பு சரி என்று ஆகாது. 40-க்கு 60 மனையின் மூலைகள் செங்கோணமாக நின்றால் மூலைவிட்டம் இரண்டும் 72 அடி 1 அங்குலம் வரும். மூலை 70 டிகிரிக்குச் சாய்ந்துவிட்டால் பக்கங்கள் அப்படியே இருக்கும், மூலைவிட்டம் ஒன்று 82 அடி 9 அங்குலம், மற்றது 59 அடி 8 அங்குலம் ஆகிவிடும், பரப்பு 2,255 சதுர அடிக்கு இறங்கிவிடும். 145 சதுர அடிக்குச் சும்மா பணம் கொடுக்கிறீர்கள். மூலைவிட்டம் இல்லாத ரிப்போர்ட்டைத் திருப்பிக் கொடுங்கள்.

லே-அவுட் மனைகளில் இன்னொரு சிக்கல். பல இடங்களில் மனைகள் வருவாய்க் கணக்கில் உட்பிரிவு ஆகியே இருக்காது, புலப்படத்தில் உங்கள் மனை தெரியாது. அங்கே அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தின் வெளி எல்லையைப் புலப்படத்தின் மேல் பொருத்திக் காட்டச் சொல்ல வேண்டும். ஓர மனைகள்தான் பெரும்பாலும் அடிபடும். நகர நில அளவை முடிந்த ஊர் என்றால் வார்டு, பிளாக், டி.எஸ். எண் (நகர சர்வே எண்) கொண்ட நகர நிலப் பதிவேட்டைப் பாருங்கள். பத்திரத்தில் உள்ள பழைய சர்வே எண் எந்த டி.எஸ். எண்ணாக மாறியது என்பதற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும்.

பேங்க் லோன் கொடுத்ததே, பத்திரம் பதிவானதே என்ற தைரியம் வேண்டாம். பேங்க் இன்ஜினியர் பார்ப்பது கட்டடத்தின் மதிப்பை. வக்கீல் பார்ப்பது காகிதத்தை. பதிவு அலுவலகத்தில் யாரும் புலப்படத்தை விரித்து எல்லைக் கல் தேடுவதில்லை.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு வழி இருக்கிறது, ஆனால் குறுகலானது. பத்திரத்தில் உள்ள நான்கெல்லைக்கும் பரப்புக்கும் முரண் வந்தால் பொதுவாக எல்லைதான் நிற்கும். ‘2,400 என்று எழுதியிருக்கிறதே’ என்ற வாதம் அங்கே பலிக்காது. சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 55 விற்பவர் தனக்குத் தெரிந்த முக்கியக் குறையைச் சொல்ல வேண்டும் என்கிறது. ஆனால் வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் கண்டுபிடித்திருக்க முடியாத குறையாக அது இருக்க வேண்டும். இணையத்தில் எடுக்கக்கூடிய புலப்படத்தை ஏன் பார்க்கவில்லை என்றுதான் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பார். காலக்கெடுவும் ஓடிக்கொண்டிருக்கும், நில அளவர் அளந்து குறை தெரிந்த நாளிலேயே அந்த வரைபடத்தின் நகலோடு சிவில் வக்கீலைப் பாருங்கள்.

எனவே அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே, பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவரையே அரசு எல்லை அளவீட்டுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அண்டை நிலக்காரர்களுக்கு அறிவிப்பு போயிருக்க வேண்டும், அளக்கும் நாளில் நீங்களும் கூட நிற்க வேண்டும், நில அளவர் கையெழுத்திட்ட வரைபடம் கைக்கு வர வேண்டும். கிரைய ஒப்பந்தத்தில் ‘கூடுதல் குறைவு உட்பட’ என்ற சொற்களை அடித்துவிட்டு இப்படி எழுதச் சொல்லுங்கள்: “அரசு நில அளவர் அளந்து காட்டும் பரப்புக்கு மட்டும், சதுர அடிக்குப் பேசிய வீதத்தில் கிரையத் தொகை கணக்கிடப்படும். சொத்தின் எந்தப் பகுதியாவது புறம்போக்கிலோ பிறர் நிலத்திலோ இருப்பதாகத் தெரிந்தால், வாங்குபவர் விரும்பினால் முன்பணம் முழுவதையும் 15 நாட்களுக்குள் விற்பவர் திருப்பித் தர வேண்டும்.”