பழைய ஜீப்புக்கு முதலில் ஆக்சிலா, எஞ்சினா? மலை வண்டி கட்டுபவர்களுக்கு ஓர் ஒப்பீடு

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கத்து மேட்டு நிலங்களிலிருந்து புளியும் சாமையும் கேழ்வரகும் இறங்கி வருவதற்குப் பழைய மகிந்திரா எம்.எம்.540 ஜீப்பை இன்றும் நம்பியிருப்பவர்கள் பலர். வண்டி ஏற்றத்தில் திணறத் தொடங்கியதும் அவர்கள் முதலில் கேட்பது, "எந்த எஞ்சினை மாற்றிப் போடலாம்?" என்பதுதான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். எஞ்சினைத் தனியாகவும் ஆக்சிலை (இருபக்கச் சக்கரங்களையும் தாங்கிச் சுழற்றும் அச்சுத் தொகுதியை) தனியாகவும் தேர்ந்தெடுப்பது தவறு என்பதையும், இரண்டில் ஒன்றை முதலில் செய்ய வேண்டுமானால் அது ஆக்சிலாகவே இருக்க வேண்டும் என்பதையும் பின்னர்தான் உணர்ந்தேன். அதற்கான கணக்கை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

எம்.எம்.540 வண்டியோடு வந்த பெஜோ எக்ஸ்.டி.பி. 4.90 எஞ்சினின் பெயரிலேயே அதன் அளவு இருக்கிறது: நான்கு சிலிண்டர், 90 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்). ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) 83 மி.மீ. மட்டுமே என்பதால் கொள்ளளவு 2112 சி.சி. ஆகிறது. போரைவிட ஸ்ட்ரோக் குறைவான இந்த எஞ்சின் வேகமாகச் சுழன்று வேலை செய்யும் வகையைச் சேர்ந்தது. தன் 62 குதிரைத்திறனை அது நிமிடத்துக்கு 4500 சுற்றில்தான் தருகிறது, முறுக்குவிசையோ சுமார் 120 நியூட்டன் மீட்டர். இதற்கு மாற்றாக நம் ஊர்ப் பட்டறைகளில் பெரும்பாலும் பேசப்படுவது மகிந்திராவின் எம்.டி.ஐ. 3200 டர்போ (இனி டி.ஐ.). அதன் போர் 88.9 மி.மீ., ஸ்ட்ரோக் 101.6 மி.மீ., கொள்ளளவு 2523 சி.சி. குதிரைத்திறன் 63. ஒரே ஒரு குதிரைத்திறனுக்காகவா இவ்வளவு செலவு என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்த 63 குதிரைத்திறன் 3200 சுற்றிலேயே வந்துவிடுகிறது என்பதையும், சுமார் 180 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை 1500 சுற்றை ஒட்டியே கிடைக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஈரமான களிமண் ஏற்றத்தில் கிளட்ச்சைத் தேய்க்காமல் ஊர்ந்து போக எது உதவும் என்பது தெளிவாகும். மலைப்பாதைக்கு வண்டி கட்டுபவர் குதிரைத்திறன் எண்ணை ஒதுக்கி வைத்துவிட்டு, முறுக்குவிசை எத்தனையாவது சுற்றில் வருகிறது என்பதையே பார்க்க வேண்டும்.

இனி ஆக்சிலுக்கு வருவோம். பழைய ஜீப் ஆக்சில்களுக்குப் பொதுவாகக் கிடைக்கும் கிரவுன் பினியன் (எஞ்சினிலிருந்து வரும் சுழற்சியைக் குறைத்துச் சக்கரங்களுக்குத் தரும் பல்சக்கர இணை) விகிதங்களில் இரண்டை மட்டும் ஒப்பிடுகிறேன். 39 பல் கிரவுனுக்கு 8 பல் பினியன் இருந்தால் 4.88, 43-க்கு 8 இருந்தால் 5.38. முன்னதிலிருந்து பின்னதற்கு மாறினால் சக்கரத்துக்குப் போகும் இழுவை சுமார் 10 சதவீதம் கூடும். இந்த 10 சதவீதம் உண்மையில் மிஞ்சுமா என்பதை டயரே முடிவு செய்கிறது. 235/75 ஆர்15 டயரின் விட்டம் ஏறக்குறைய 28.9 அங்குலம். அதை எடுத்துவிட்டு 31 அங்குல டயர் போட்டால் 7 சதவீத இழுவை போய்விடும். 33 அங்குலம் போட்டால் 12 சதவீதம் போய்விடும். ஆகவே 31 அங்குல டயரோடு 5.38 போட்டவருக்குக் கையில் 3 சதவீதம் மிஞ்சுகிறது; 33 அங்குலம் போட்டவரோ புதிய கிரவுன் பினியனுக்குச் செலவழித்த பிறகும் பழைய நிலையைவிடக் கீழேதான் நிற்கிறார். பெரிய டயர் பிரேக்கின் பிடியையும் அதே அளவு குறைத்துவிடுகிறது. நம் வண்டிகள் மலைமேல் காலியாக ஏறி, மூட்டையோடு இறங்குபவை என்பதால் 31 அங்குலத்தைத் தாண்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எஞ்சினும் ஆக்சிலும் சந்திக்கும் இடம் தார்ச்சாலை. டாப் கியர் நேர் விகிதத்தில் (1:1) ஓடும் வண்டியில் 28.9 அங்குல டயரும் 5.38 கிரவுனும் இருந்தால், 80 கி.மீ. வேகத்தில் எஞ்சின் சுமார் 3100 சுற்று சுற்றும். 4500 வரை போகும் எக்ஸ்.டி.பி.க்கு அது சிரமமே இல்லை. 3200-லேயே உச்ச ஆற்றலைக் கொடுத்துவிடும் டி.ஐ. எஞ்சினுக்கோ அது கிட்டத்தட்ட எல்லை. ராயக்கோட்டைச் சந்தைக்கும் கிருஷ்ணகிரிக்கும் அடிக்கடி போய்வருகிறவர் அந்த இரைச்சலோடு நெடுநாள் ஓட்ட முடியாது. அதே டி.ஐ. எஞ்சினை 4.88 கிரவுனோடும் 31 அங்குல டயரோடும் சேர்த்தால் 80 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ 2600 சுற்றுதான் வரும்.

அப்படியானால் இழுவை குறைந்துவிடாதா? கியர்பாக்ஸையும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் (ஆற்றலை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) பொதுவாக வைத்துப் பெருக்கிப் பார்க்கலாம். எக்ஸ்.டி.பி.யின் 120-ஐ 5.38-ஆல் பெருக்கினால் சுமார் 645, டி.ஐ.யின் 180-ஐ 4.88-ஆல் பெருக்கினால் சுமார் 878. ஆகவே எக்ஸ்.டி.பி.யை வைத்துக்கொள்பவருக்கு 5.38-உம், டி.ஐ.க்கு மாறுபவருக்கு 4.88-உம் பொருந்தும் என்பது என் முடிவு. டி.ஐ.யோடு 5.38 போடுவது, வண்டி சாலைக்கே வராமல் தோட்டத்துக்குள் மட்டும் உழைக்கும்போதுதான் சரியாகும். பெஜோ வகையிலேயே பெரியதான 2498 சி.சி. எக்ஸ்.டி.3பி. எஞ்சின் நல்ல நிலையில் கிடைத்தால் அதையும் எக்ஸ்.டி.பி.யின் கணக்கிலேயே வைத்துக்கொள்ளலாம்.

மகிந்திராவின் முதல் தலைமுறை 'தார்' ஜீப்பில் வந்த சி.ஆர்.டி.இ. (மின்னணுக் கட்டுப்பாட்டு டீசல்) எஞ்சின் வேறொரு தளத்தில் நிற்கிறது: 105 குதிரைத்திறன், 247 நியூட்டன் மீட்டர். 4.88-ஆல் பெருக்கினால் 1200-ஐத் தாண்டும். அதாவது நம் பழைய ஆக்சில் ஷாஃப்ட் இத்தனை ஆண்டுகளாகத் தாங்கி வந்ததைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. அந்த எஞ்சினை மட்டும் கொண்டுவந்து பழைய கியர்பாக்ஸிலும் பழைய ஆக்சிலிலும் மாட்டுவது எனக்குச் சம்மதமில்லை. அதன் ஈ.சி.யூ. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), வயரிங், கியர்பாக்ஸ், ஆக்சில்கள் என்று அனைத்தையும் சேர்த்து எடுத்தால்தான் அது முழுமையாகும். அவ்வளவும் எடுப்பவர் ஒரு தாரையே வாங்கிவிடுவது நல்லது.

ஆக்சிலின் இரு சக்கரங்களையும் வளைவில் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃப்ரன்ஷியலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வண்டி நின்றுபோன இடங்களில் பெரும்பாலானவற்றில் ஒரு சக்கரம் காற்றிலோ சேற்றிலோ வீணாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எஞ்சினில் ஆற்றல் போதாமல் நின்றது குறைவு. இதற்கு மலிவான வழி டிஃப்ரன்ஷியலுக்குள் இருக்கும் சிறு பல்சக்கரங்களை வெல்டு அடித்து, இரு சக்கரங்களையும் எப்போதும் ஒன்றாகவே சுற்ற வைத்துவிடுவது. நான் வாங்கியபோதே என் வண்டியின் பின் ஆக்சிலுக்கு யாரோ அதைச் செய்திருந்தார்கள். சேற்றில் அற்புதமாக ஏறியது. ஆனால் வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரமும் உள்சக்கரம் குறைந்த தூரமும் போயாக வேண்டும். சேற்றில் டயர் வழுக்கி அதற்கு இடம் கொடுத்துவிடும், தார்ச்சாலையில் அந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்டில் போய் விழும். ஒருநாள் புளி மூட்டைகளோடு கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது வலப்பக்க ஷாஃப்ட் பேரிங்குக்கு வெளியே முறிந்தது. என் வண்டியின் ஆக்சில் செமி ஃப்ளோட்டிங் வகை, அதாவது வண்டியின் பாரத்தையும் ஷாஃப்டே சுமக்கிறது. அதனால் ஷாஃப்ட் முறிந்ததும் சக்கரம் பிரேக் டிரம்மோடு விலகிச் சாய்ந்தது. யாருக்கும் அடிபடவில்லை என்பது இன்றும் எனக்குப் பெரிய ஆறுதல். தார்ச்சாலையில் ஒரு கிலோமீட்டராவது ஓடும் வண்டிக்கு வெல்டு அடிக்கவே கூடாது.

தேவைப்படும்போது மட்டும் இரு சக்கரங்களையும் தானாகப் பூட்டிக்கொள்ளும் மெக்கானிக்கல் லாக்கர் இதற்கு நேர்மையான மாற்று. 2015-இல் மாற்றங்களோடு வந்த தார் ஜீப்பின் பின் ஆக்சிலில் இருப்பது அந்த வகைதான்: இரு சக்கரங்களுக்கும் இடையே நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வேறுபாடு வந்தால் பூட்டிக்கொள்ளும், வேகம் 30 கி.மீ.யைச் சற்றுத் தாண்டினால் பூட்டாது. ஓட்டுநர் எதையும் நினைவில் வைக்கத் தேவையில்லை என்பது அதன் சிறப்பு. சக்கரம் சுற்றத் தொடங்கிய பிறகே வேலை செய்யும் என்பது குறை. காற்றழுத்த லாக்கரோ ஏற்றத்துக்கு முன்பே சுவிட்சைத் தட்டிப் பூட்டிவிடக் கூடியது. பிடிப்பில் அதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் கம்ப்ரசர், குழாய், சீல் என்று பராமரிக்க வேண்டியவை கூடுகின்றன. வாரத்தில் ஆறு நாளும் உழைக்கும் விவசாய வண்டிக்கு முன்னதையும், பாறைமேடுகளில் பொழுதுபோக்காக ஓட்டுபவருக்குப் பின்னதையும் சொல்வேன்.

வேறு பிக்கப்பின் பின் ஆக்சிலைக் கொண்டுவந்து பொருத்துவதும் வழக்கில் இருக்கிறது. பலம் கூடும் என்பது உண்மையே. ஆனால் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே விகிதத்தில் இல்லாவிட்டால், ஃபோர் வீல் போட்ட உடனே இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து இழுத்து டிரான்ஸ்ஃபர் கேஸை அழித்துவிடும். இதைச் சரிபார்க்காமல் பேரம் பேசக்கூடாது. எஞ்சின் மாற்றுபவர்கள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன் அனுமதி பெற்றுவிட வேண்டும். புதிய எஞ்சின் எண் பதிவுச் சான்றில் ஏறாவிட்டால் காப்பீட்டில் சிக்கல் வரும்.

விகிதத்தைச் சரிபார்க்க ஆக்சிலின் ஹவுசிங்கை (உறையை) திறக்க வேண்டியதில்லை, வெல்டோ லாக்கரோ இல்லாத ஆக்சிலாக இருந்தால் போதும். தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். அதற்குள் அந்த ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீண்ட தண்டான புரப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்று சுண்ணாம்புக் கோடு போட்டு எண்ணுங்கள். ஐந்துக்குச் சற்றுக் குறைவாக நின்றால் 4.88, ஐந்தைத் தாண்டி ஐந்தரையை நெருங்கினால் 5.38. முன் ஆக்சிலில் எண்ணும்போது ஃப்ரீ வீல் ஹப் (சக்கரத்தை ஷாஃப்டிலிருந்து விடுவிக்கும் அமைப்பு) இருந்தால் அதைப் பூட்டிக்கொண்டு எண்ணுங்கள்.