திறந்த பெஞ்சா, மூடிய கேபினெட்டா? காரைக்குடி வெயிலுக்கு எந்த ரிவ்யூ பொருந்தும்?

பிராசஸரின் சூட்டைத் தணிக்கும் ஒரே கூலரை ஒரு ரிவ்யூ தூக்கி வைத்துப் பேசும், இன்னொன்று சுமார்தான் என்று சொல்லிவிட்டுப் போகும். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஒருவர் திறந்த டெஸ்ட் பெஞ்சில் அளந்திருப்பார், மற்றவர் கேபினெட் என்ற மூடிய பெட்டிக்குள் மாட்டி அளந்திருப்பார். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கணினி அசெம்பிள் செய்கிறவர்கள் பலர் கடைசியில் வரும் பட்டை வரைபடத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கடைக்குக் கிளம்புகிறார்கள். அந்தப் பட்டை எந்த அறையில், எப்படிப் பிறந்தது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

திறந்த பெஞ்ச் என்றால் மதர்போர்டை ஒரு சட்டத்தின் மேல் படுக்க வைத்து, சுற்றிலும் மூடி எதுவும் இல்லாமல் ஓட்டுவது. பாகங்களைச் சட்டென்று மாற்றலாம், கேபினெட்டின் குணம் கணக்கில் கலக்காது. கூலர் சோதனைக்கு இதைவிட நல்ல முறை இல்லை என்பது என் கருத்து. நல்ல சோதனையாளர் எல்லாக் கூலருக்கும் பிராசஸரிலிருந்து வெப்பத்தைக் கடத்த ஒரே தெர்மல் பேஸ்ட் பசையைத் தடவுவார். வெப்பம் ஏறி ஒரு நிலைக்கு வரும்வரை பிராசஸருக்கு முழு வேலை கொடுக்கும் பிளெண்டர், சினிபெஞ்ச் மாதிரி மென்பொருளைத் திரும்பத் திரும்ப ஓட்டுவார். அப்புறம் எல்லா ஃபேன்களையும் ஒரே டெசிபல் சத்தத்துக்கு இறக்கி மறுபடி அளப்பார். இந்தக் கடைசி அளவைத்தான் நான் தேடிப் படிப்பேன். முழு வேகத்தில் அலறவிட்டால் சாதாரணக் கூலர்கூடக் குளிர்ச்சியாகத்தான் காட்டும்.

சிக்கல் எங்கே என்றால், இந்தச் சோதனைகள் பெரும்பாலும் 21, 22 டிகிரி ஏசி அறையில் நடக்கின்றன. 22 டிகிரி அறையில் பிராசஸர் 76 டிகிரி காட்டினால், அறையைவிட 54 டிகிரி கூடுதல் என்று அர்த்தம். சித்திரை மாத மத்தியானம் நம் மாடி அறை 37 டிகிரியில் இருந்தால் அதே பிராசஸர் சுமார் 91-க்குப் போகும். சூடு ஏற ஏறச் சிலிக்கானில் மின்கசிவும் கூடுவதால் இன்னும் கொஞ்சம் சேரலாம். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7000 வரிசைப் பிராசஸர்களில் பெரும்பாலானவற்றுக்கு வெப்ப எல்லை 95. அதைத் தொட்டதும் வெப்பம் ஏறாது, வேகம் இறங்கும். ஆகவே இரண்டு கூலருக்கும் 95 என்றே போட்டிருந்தால் இரண்டும் சமம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பக்கத்தில் எத்தனை மெகாஹெர்ட்ஸ், எத்தனை வாட் என்று பார்க்க வேண்டும்.

கேபினெட் சோதனை வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது. 300 வாட் கிராஃபிக்ஸ் கார்டு அந்த 300 வாட்டையும் வெப்பமாகத்தான் வெளியே விடும். மூடிய பெட்டிக்குள் அந்தச் சூடான காற்றைத்தான் பிராசஸர் கூலர் இழுக்கிறது. தகவலைச் சேமிக்கும் சிறு பலகையான எம்.2 எஸ்எஸ்டி பல மதர்போர்டுகளில் அந்தக் கார்டுக்கு அடியிலேயே உட்கார்ந்திருக்கும். கல்யாண வீடியோவை மணிக்கணக்கில் எடிட் செய்கிறவருக்கு வேகம் குறைவது இங்கேதான். பெஞ்சில் இது கண்ணில் படாது. ஆனால் பெஞ்ச் எப்போதும் சலுகை காட்டும் என்றும் சொல்ல முடியாது. வாட்டர் கூலர் மாட்டினால் பிராசஸர் உட்காரும் சாக்கெட்டைச் சுற்றிக் காற்றோட்டமே இருக்காது. அப்போது பிராசஸருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் மதர்போர்டின் விஆர்எம் பகுதி, முன்பக்க ஃபேன் உள்ள கேபினெட்டில் இருப்பதைவிடப் பெஞ்சில் அதிகமாகச் சூடாகலாம்.

கேபினெட் சோதனையின் குறை, முடிவு அந்த ஒரு பெட்டியோடு ஒட்டிக்கொள்வது. வலை முகப்பில் எடுத்த எண் கண்ணாடி முகப்புக்குப் பொருந்தாது. அதோடு சோதனைக்கு வருவது புதுப்பெட்டி. நம் ஊர்ச் செம்மண் தூசி ஃபில்டரை அடைத்த பிறகு என்ன ஆகும் என்று யாரும் அளப்பதில்லை. புதுவயல் அரிசி ஆலைகள் பக்கம் வீடு இருந்தால் உமித்தூசியும் சேரும். ஃபில்டரைக் கழற்றிக் கழுவ எவ்வளவு எளிது என்று எழுதும் ரிவ்யூவுக்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன்.

என் தேர்வு: இரண்டு கூலருக்கு நடுவே முடிவெடுக்கப் பெஞ்ச். கார்டு, எஸ்எஸ்டி, முழுக் கணினி என்றால் அரை மணி நேரமாவது ஓட்டிய கேபினெட் சோதனை. ஒன்றைத்தான் படிக்க நேரம் என்றால் கேபினெட்தான், நாம் வாழப்போவது அதோடுதான். வீட்டையும் பார்க்க வேண்டும். பழைய வீட்டில் கனத்த சுவரும் உயரமான கூரையும் உள்ள வளவு (முற்றத்தைச் சுற்றிய பகுதி) அறைக்கும், கான்கிரீட் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறைக்கும் வெப்பம் ஒன்றாக இருக்காது. மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள்.

கேம் எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. பிராசஸர் ரிவ்யூவில் ஆர்டிஎக்ஸ் 4090 மாதிரி பெரிய கிராஃபிக்ஸ் கார்டைப் போட்டு 1080பி என்ற குறைந்த திரைத் தெளிவில் ஓட்டுவது, கார்டு தடையாக வரக் கூடாது என்பதற்காக. 4060 மாதிரி சிறிய கார்டு வாங்குகிறவருக்கு, பிராசஸர்களுக்கு நடுவே அங்கே தெரியும் வேக இடைவெளி அப்படியே கிடைக்காது.

பவர் சப்ளைக்கு இந்த இரண்டு முறையும் போதாது. கணினியில் மாட்டி ஆன் ஆகிறதா என்று பார்ப்பது சோதனையே அல்ல. எலெக்ட்ரானிக் லோடு என்ற கருவியில் மாட்டி, வாட்டைப் படிப்படியாக ஏற்றி, மின்னழுத்தம் எவ்வளவு அசைகிறது என்று பார்க்க வேண்டும். மின்சாரத்தை வீணாக்காத செயல்திறனுக்குத் தரும் 80 பிளஸ் சான்றுக்கான சோதனை 23 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் நடக்கிறது, அதுவும் பெரும்பாலும் 115 வோல்ட்டில். நம் 230 வோல்ட்டில் செயல்திறன் கொஞ்சம் கூடவே வரும், ஆனால் நம் வெப்பத்தை அந்த ஸ்டிக்கர் தொடுவதில்லை. 40 டிகிரிக்கு மேல் சூடான பெட்டிக்குள் வைத்து அளந்திருக்கிறார்களா என்று தேடுங்கள். ஹோல்ட்-அப் நேரத்தையும் பாருங்கள். கரண்ட் போனதும் எத்தனை மில்லி செகண்ட் தாங்கும் என்பது அது. பவர் சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் வழிகாட்டியில் 80 சதவீத லோடில் 17 மில்லி செகண்ட். சாதாரண யுபிஎஸ் பேட்டரிக்கு மாறவே சில மில்லி செகண்ட் எடுக்கும். அதற்குள் பவர் சப்ளை தளர்ந்தால், யுபிஎஸ் இருந்தும் கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும்.