மச் அடோ அபவுட் நத்திங் (1993) இசை ஆல்பம்: ஜோக் அடிக்காத காமெடி இசை

ஷேக்ஸ்பியரின் காமெடியைப் படமாக எடுக்கும்போது இசையமைப்பாளருக்கு ஒரு சபலம் வரும். வசனம் நானூறு வருஷப் பழசு, பாதி ஜோக் யாருக்கும் புரியப்போவதில்லை, அதனால் பஸூனைப் புர்ரென்று ஊதியும் வயலின் தந்தியைச் சுண்டியும் "இங்கே சிரிக்கணும்" என்று நம் விலாவில் இடித்துக்கொண்டே இருக்கலாம். கென்னத் பிரானா இயக்கிய இந்தப் படத்துக்கு பேட்ரிக் டாயல் போட்ட இசையில் அந்த வேலை ரொம்பக் குறைவு. காதலை நிஜமான காதலாகவும் அவமானத்தை நிஜமான அவமானமாகவும் எடுத்துக்கொண்டு நேராக வாசித்துவிட்டு, சிரிக்க வைக்கிற பொறுப்பை நடிகர்களிடம் விட்டுவிடுகிறார். இந்த ஆல்பம் எனக்குப் பிடித்ததற்கு முதல் காரணம் இதுதான். குறைகளும் இருக்கின்றன, வருகிறேன்.

கதை தெரியாதவர்களுக்கு இரண்டு வரி: போர் முடிந்து வீரர்கள் மெசினாவுக்கு வருகிறார்கள். பியாட்ரிஸும் பெனடிக்கும் பார்த்தாலே வாய்ச்சண்டை போடுகிற ஜோடி, நண்பர்கள் சேர்ந்து பொய் சொல்லி அவர்களைக் காதலிக்க வைக்கிறார்கள். இன்னொரு பக்கம் ஹீரோ என்ற பெண்ணின் மேல் பழி போட்டுக் கல்யாண மேடையிலேயே அவளை அவமானப்படுத்துகிறார்கள். நாடகத்தில் சிசிலித் தீவிலிருக்கும் மெசினாவைப் படத்தில் இத்தாலியின் டஸ்கனியில் ஒரு பழைய மாளிகையில் வைத்து எடுத்தார்கள். அந்த வெயில் இசையிலும் நன்றாகவே தெரிகிறது.

படம் இருட்டில் தொடங்குகிறது. 'சை நோ மோர், லேடீஸ்' பாட்டின் வரிகள் திரையில் எழுத்தாக வர, பியாட்ரிஸாக நடிக்கும் எம்மா தாம்ஸன் அவற்றைப் பாடாமல் நிதானமாகச் சொல்கிறார். ஆண்கள் எப்போதும் ஏமாற்றுக்காரர்கள், ஒரு கால் கடலில் ஒரு கால் கரையில், அவர்களுக்காகப் பெருமூச்சு விடாதீர்கள், போனால் போகட்டும் என்று சந்தோஷமாக இருங்கள், இவ்வளவுதான் பாட்டு. அந்தக் குரலில் இருக்கிற குறும்பும் லேசான காயமும் பியாட்ரிஸ் யார் என்பதை முதல் நிமிஷத்திலேயே சொல்லிவிடுகின்றன.

அப்புறம் ஓவர்ச்சர், அதாவது தொடக்க இசை. குதிரைகளில் வரிசையாக வரும் ஆண்கள் ஸ்லோ மோஷனில் எம்பி எழுகிறார்கள், பெண்கள் கத்திக்கொண்டு சரிவில் ஓடுகிறார்கள், இரண்டு கூட்டமும் அவசர அவசரமாகக் குளித்து உடை மாற்றுகிறது, இவ்வளவுக்கும் மேலே பித்தளை வாத்தியங்கள் கௌபாய் படத்துக்கு வாசிக்கிற மாதிரி முழங்குகின்றன. ஆட்கள் குளிப்பதற்கு எதற்கு இத்தனை எக்காளம் என்று கேட்டால் பதில் கிடையாது. ஆனால் இரண்டு அணிகளும் அணிவகுத்து நேருக்கு நேர் வந்து நிற்கும்போது, இந்தக் கதையில் காதல் என்பது இன்னொரு போர்க்களம் என்று ஒரு வசனமும் இல்லாமலே புரிந்துவிடுகிறது. காலையில் கேட்டால் சோம்பல் போய்விடும், அதற்கு நான் உத்தரவாதம்.

டாயல் ஸ்காட்லாந்துக்காரர், நடிகரும்கூட. 1987-இல் பிரானாவின் ரெனைஸான்ஸ் நாடகக் குழுவில் சேர்ந்தவர், 1989-இல் வந்த 'ஹென்றி தி ஃபிஃப்த்' அவர் இசையமைத்த முதல் திரைப்படம். இந்தப் படத்தில் பல்தஸார் என்ற பாடகனாக நடித்து, அதே 'சை நோ மோர்' பாட்டைத் தானே பாடுகிறார். இதில் ஒரு பழைய கணக்கு நேராகிறது என்பது என் எண்ணம். 1623-இல் அச்சான ஷேக்ஸ்பியர் தொகுப்பில் இந்தக் காட்சியில் பல்தஸார் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஜாக் வில்ஸன் என்று அச்சாகியிருக்கும். அப்போது மேடையில் பாடியவரின் பெயர் கதாபாத்திரத்தின் பெயரைத் தள்ளிவிட்டு உள்ளே வந்துவிட்டது என்கிறார்கள். இந்த வேடம் அன்றைக்கே பாட்டுக்காரனுக்கானதுதான்.

டாயலுக்குப் பெரிய குரல் கிடையாது. அது இங்கே நல்லதுதான், பக்கத்தில் உட்கார்ந்து யாரோ பாடுகிற நெருக்கம் வருகிறது. நாடகத்தில் பெனடிக் ஒளிந்திருந்து இதைக் கேட்கிறான். வாத்தியத்தில் கட்டிய ஆட்டுக்குடல் நரம்பு மனிதனின் உயிரை உடம்பிலிருந்து வெளியே இழுக்கிறதே என்று முதலில் நக்கலடிப்பான், பாட்டு முடிந்ததும் ஒரு நாய் இப்படி ஊளையிட்டிருந்தால் தூக்கில் போட்டிருப்பார்கள் என்பான். பாடகர் சுமாராகப் பாடினாலும் காட்சி தப்பித்துக்கொள்ளும். டாயல் அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளாமல் அழகாகவே பாடிவிட்டார்.

இனி குறைகள். பெனடிக்கும் பியாட்ரிஸும் தனித்தனியாக ஏமாற்றப்பட்ட பிறகு, அவன் நீரூற்றில் குதித்து ஆட, அவள் ஊஞ்சலில் பறக்க, இரண்டு காட்சியும் ஒன்றின் மேல் ஒன்றாக ஸ்லோ மோஷனில் வரும். அங்கே ஆர்கெஸ்ட்ரா மொத்தமும் பொங்கி வழிகிறது. படமே அத்தனை சொல்லும்போது இசையும் அதையே கத்த வேண்டுமா? பாயசத்தில் இன்னும் ஒரு கரண்டி சர்க்கரை போட்ட மாதிரி இருக்கிறது. ஹீரோ மேல் பழி விழ வைக்கும் வில்லன் டான் ஜானின் சதிக்கு வரும் இருண்ட இசையோ படத்தில் சரி, ஆல்பமாகக் கேட்டால் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாமல் முனகிக்கொண்டே போகிறது. நடுவில் சில டிராக்குகளை நான் தாண்டிவிடுவேன்.

'பார்டன், காடெஸ் ஆஃப் தி நைட்' அந்தச் சலிப்பைப் போக்கிவிடும். ஹீரோ செத்துவிட்டாள் என்று நம்பி, இரவில் விளக்கேந்தி அவள் கல்லறைக்குப் போகிறார்கள். அவள் உயிரோடிருப்பது நமக்குத் தெரியும், ஆனாலும் இசை அதைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளாமல் உண்மையான சாவுக்குப் பாடுகிற மாதிரி பாடுகிறது. இங்கே ஒரு கண்ணடிப்பு இருந்திருந்தால், அவளை மேடையில் அவமானப்படுத்திய மாப்பிள்ளை கிளாடியோவின் வருத்தத்தை யாருமே நம்பியிருக்க மாட்டார்கள்.

2012-இல் திரைக்கு வந்த தன் படத்தில் அமெரிக்க இயக்குநர் ஜாஸ் வீடன் இதே நாடகத்தைக் கறுப்பு வெள்ளையில் தன் வீட்டிலேயே எடுத்து, இசையும் தானே போட்டார். அங்கே 'சை நோ மோர்' பார்ட்டியில் ஓடுகிற மெல்லிய ஜாஸ் இசை. அளவாக இருக்கிறது, வசனத்தை எங்கேயும் அமுக்கவில்லை, அந்த விஷயத்தில் டாயலைவிட மேல் என்றே சொல்வேன். ஆனால் பாட்டு முடிந்ததும் மெட்டு என்னோடு வரவில்லை.

டாயலின் மெட்டு ஒட்டிக்கொள்ளும். முக்கியமாகக் கடைசி டிராக், 'ஸ்ட்ரைக் அப் பைப்பர்ஸ்'. வெட்டே இல்லாத நீண்ட ஷாட்டில் கேமரா ஆடுபவர்களோடு தோட்டமெல்லாம் சுற்ற, முதலில் ஒருத்தி சொன்ன, பிறகு ஒருவன் பாடிய அதே வரிகளை இப்போது கோரஸ் முழுத் தொண்டையில் பாடுகிறது. கல்யாண வீட்டில் அத்தனை பேரும் கூடி ஆண்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று குதூகலமாகப் பாடுவதை யாரும் கவனித்ததாகவே தெரியவில்லை! வீரர்களின் தலைவராக வரும் டென்ஸல் வாஷிங்டனின் டான் பெட்ரோ மட்டும் ஆட்டத்தில் சேராமல் தனியாக நிற்கிறார். இசை அவருக்காக ஒரு நொடிகூட நிற்பதில்லை, அதுதான் சரி.

ஆல்பம் சுமார் ஒரு மணி நேரம். படம் பார்க்காதவர்கள் ஓவர்ச்சர், 'சை நோ மோர்', கல்லறைப் பாட்டு, கடைசி டிராக் என்ற வரிசையில் கேளுங்கள், பிடித்தால் படத்துக்குப் போகலாம். படம் பார்த்தவர்கள் முழுசாகவே வாங்கலாம். ஹெட்ஃபோனில் கேட்பதென்றால் ஓவர்ச்சருக்கு முன்னால் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.