வர்த்தமானியா, ஆரம்பக் கூட்டமா?

மட்டக்களப்பு உன்னிச்சைக் குளத்து நீரில் மூன்று ஏக்கர் வெள்ளாமை செய்கிறேன். வெட்டு முடிந்ததும் வைக்கோலுக்குத் தீ வைக்கும் பழக்கத்தை எப்படி நிறுத்துவது என்ற கேள்வி எங்கள் வயல் வட்டையில் எழுந்தது. மேலிடத்தில் தடை வாங்கிப் பொலிசை வரவழைப்போம் என்றது ஒரு தரப்பு. போகத்துக்கு முன் விவசாயிகள் கூடும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் நாமே தீர்மானிப்போம் என்றது மறு தரப்பு. நான் இரண்டாவதற்குக் கை உயர்த்தியவன். ஆகவே என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

வேகத்தில் கட்டளையே முந்தும்; அதில் விவாதமில்லை. சூழல் கெடும் வேகத்துக்கு மக்களாட்சி ஈடுகொடுக்காது என்று அஞ்சுபவர்கள் உலகெங்கும் உண்டு. விஞ்ஞானி ஜேம்ஸ் லவ்லொக், மக்களாட்சியைச் சிறிது காலம் ஒத்திவைக்க வேண்டியிருக்கலாம் என்று 2010இல் சொன்னார். அவருக்கு அது யோசனை. எங்களுக்கு அது நடந்து முடிந்த கதை.

2019 ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ஷ கொடுத்த வாக்குறுதி, பத்து ஆண்டுகளில் சேதனப் பசளைக்கு மாறுவது. 2021 மே மாதம் ஒரே வர்த்தமானியில், அதாவது அரசிதழ் அறிவித்தலில், இரசாயனப் பசளை இறக்குமதி நின்றது. 50 கிலோ யூரியா மூடையில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பங்குதான். ஒரு மூடைக்கு ஈடுகட்டவே ஒரு தொன்னுக்கு மேல் எரு வேண்டும். அத்தனை எருவுக்கு எங்கே போவது என்று வயல்களுக்கு நீர் பங்கிடும் எந்த வட்டவிதானையாரைக் கேட்டிருந்தாலும் கணக்குப் போட்டுக் காட்டியிருப்பார். கேட்கத்தான் ஆளில்லை. நவம்பரில் தடை விலகியது. அதற்குள் மாரிகாலப் பெரும்போகம் விதைத்தாகிவிட்டது. 2022 ஜனவரியில் நெல் விவசாயிகளுக்கு 4,000 கோடி ரூபாய் இழப்பீடு அறிவிக்க வேண்டி வந்தது. இத்தனைக்கும் அவர் வாக்குப் பெற்று வந்தவர். தேர்தல் நடந்தது, அதன் பிறகு எங்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

என் கையை உயர்த்த வைத்தது பராமரிப்பு. ஒரு முடிவை எடுத்த மறுநாளிலிருந்து அதை யார் காவல் காப்பது? கிளைபோசேட் களைகொல்லி 2015இல் தடையானது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்ந்தது. 2017இல் தடைசெய்த லஞ்ச் சீற் என்ற பொலித்தீன் தாள் அதன் பிறகும் சோற்றுப் பொதிகளில் வந்துகொண்டுதான் இருந்தது. கட்டளைக்குச் சொந்தக்காரன் ஒருவன்தான். அவன் மனம் மாறினால் அதுவும் மாறும், அவன் பார்க்காவிட்டால் செத்துப்போகும்.

ஆரம்பக் கூட்டத்தில் நீர் திறக்கும் நாள், விதைப்பின் கடைசி நாள், மாடுகளை வயலிலிருந்து வெளியேற்றும் நாள் எல்லாம் எங்கள் வாயாலேயே முடிவாகின்றன. பழைய நீர்ப்பாசன வழக்கங்களுக்கு 1856இலேயே சட்டம் இடம் கொடுத்துவிட்டது. பிந்தி விதைத்தவன் கடைசித் தண்ணீருக்குத் தவிப்பான். அவனைப் பார்க்கப் பொலிஸ் வேண்டாம், பக்கத்து வரம்புக்காரன் போதும். முடிவை எதிர்த்துப் பேசியவனும் அடங்கிப் போவான். அடுத்த போகத்தில் அவனுக்கும் ஒரு நாள் மாற்றித் தர வேண்டியிருக்குமே!

வைக்கோல் விஷயம் முடிவாக இரண்டு பெரும்போகங்கள் பிடித்தன. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் இழுபறியில்தான் உண்மைகள் வெளிவந்தன. வெட்டு மெசின் வைக்கோலை வரிசை வரிசையாகக் குவித்துவிட்டுப் போகிறது. அதைப் பரப்பக் கூலி கொடுக்க முடியாதவன்தான் தீ வைக்கிறான். மாட்டுக்காரர்களோ, எல்லாவற்றையும் உழுது புதைத்தால் மாடு எதைத் தின்னும் என்று கேட்டார்கள். கடைசியில் ஒரு பங்கு வரம்போரம் மாட்டுக்கு, மிச்சம் மண்ணுக்கு, பரப்பும் கூலி பொதுவில் என்று முடிந்தது. நெல் உறிஞ்சும் பொட்டாசியத்தில் பெரும்பகுதி வைக்கோலில்தான் தங்குகிறது என்பது பலருக்கு அன்றுதான் தெரிந்தது. சென்ற வெட்டில் வாய்க்காலின் வால்பகுதியில் இரண்டு பேர் இரவோடிரவாக எரித்தார்கள். மற்ற வயல்களில் புகை எழவில்லை.

விளைச்சல் கூடியதா என்று கேட்டால், ஒரு வெட்டை வைத்துச் சொல்ல முடியாது. எங்கள் கூட்டம் குறையற்றதும் அல்ல. குத்தகைக்குச் செய்பவர்கள் வாய் திறப்பதில்லை. களை பிடுங்கும் பெண்கள் வருவதே இல்லை. எங்கள் வடிகால் போய்ச் சேரும் வாவியில் வலை வீசுபவர்களை யாரும் அழைத்ததில்லை. நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தின் தலைவிதியை வாய்க்கால் கரையில் தீர்மானிக்கவும் முடியாது. பிரான்சில் எரிபொருள் வரிக்கு எதிராக 2018இல் மக்கள் தெருவில் இறங்கிய பிறகு, சீட்டுக் குலுக்கித் தெரிந்த 150 பேரை உட்காரவைத்துக் காலநிலை பற்றிப் பேசவிட்டார்கள். அந்த அளவுக்கு விரித்தால் எங்கள் முறை தாங்குமா என்று சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

அடுத்த கூட்டத்தில் யூரியாவைக் குறைப்பது பற்றிப் பேச்செடுக்கப்போகிறேன். ஆளுக்கொரு வயல் துண்டில், அரை மூடை மட்டும் குறைத்துப் பார்ப்பது. பொலிசைக் கூப்பிடச் சொன்னவரிடம் நேற்றுச் சொல்லிப் பார்த்தேன். கால் மூடை என்றால் யோசிக்கலாம் என்றார்.